இரண்டே பெடல்

அக்டோபர் 6, ஞாயிறு

வால்பாறையிலிருந்து இறங்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகள் நாற்பதையும் இறங்கி, ஆழியாறு செக்போஸ்ட்டையும் தாண்டி, சமதரைக்கு வந்த பிறகுதான் வண்டி சண்டித்தனம் செய்தது. இன்ஜின் ஓடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் உறுமுகிறது. சக்கரம் மட்டும் நகரமாட்டேன் என்கிறது.

"நியூட்ரல்ல கீது இருக்குதாங்க?" என்று பக்கத்து சீட்டிலிருந்து சுலோச்சனா கேட்டாள். முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி, அதில் பாதிக்கு மேல் இதே வால்பாறை மலையில் ஏறி இறங்கியவனிடம் பெண்டாட்டி கேட்கிற கேள்வி!

ஓரமாகத் தள்ளி நிறுத்தி, கட்டி இழுக்கும் வண்டி வரவழைத்து, பொள்ளாச்சி வந்து சேர்வதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள். மகள் யமுனாவிடம் போனில் சொன்னேன். வால்பாறையில் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளை மஸ்கட்டில். பேத்தி மித்ரா இரண்டாம் வகுப்பு. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மலையேறிப் போய் அவர்களைப் பார்த்து வருவோம். அடுத்த ஞாயிறு எப்படிப் போவது என்று இப்போதே யோசனையாக இருக்கிறது.

வீட்டுக்குள் நுழையும்போது சுலோச்சனா, "வலது கால் செருப்பு எங்கீங்க?" என்றாள். குனிந்து பார்த்தேன். இல்லை. வண்டியைத் தள்ளும்போது கழன்றிருக்கும். அந்தப் பதற்றத்தில் செருப்பையா கவனிப்பார்கள்?

அக்டோபர் 7, திங்கள்

"ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நம்ம கைக்கு அடங்காதுங்ணா. கோயமுத்தூர் கொண்டு போயிருங்க." பொள்ளாச்சி மெக்கானிக் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

அக்டோபர் 9, புதன்

கோவையில் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிறவர் சாதிக் பாய். பெரிய பட்டறை. வரிசையாகக் கார்கள் வயிறு திறந்து கிடந்தன. என் வெள்ளை வண்டியையும் தூக்கி நிறுத்தி, கியர்பாக்ஸ் எண்ணெயில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுக் காட்டினார். கன்னங்கரேல் என்று இருந்தது.

"இது செவப்பா இருக்கோணுங்கய்யா. மோந்து பாருங்க."

அடிபிடித்த குழம்பு வாசனை.

"யாருங்க ஓட்டறது?"

"நான்தான்."

"எடது காலு எங்க வெப்பீங்க?"

கார் ஓட்டத் தெரிந்த ஒருவனிடம் யாரும் கேட்காத கேள்வி. ஆட்டோமேட்டிக்கில் இரண்டே பெடல்தான். ஆக்சிலேட்டர், பிரேக். இரண்டுக்கும் வலது கால்தான். இடது காலுக்கு வேலையே கிடையாது. பஸ் கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துபோனதால்தான் பழைய வண்டியானாலும் ஆட்டோமேட்டிக்காகத் தேடி வாங்கினேன். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்.

"பிரேக்கு மேல எடது காலை வெச்சுட்டே ஓட்டினாத்தானுங்க இப்பிடித் தீயும். ஒரு காலு போகச் சொல்லுது, ஒரு காலு நிக்கச் சொல்லுது. நடுவுல கெடந்து வேகறது இதுதான். அய்யா என்ன உத்தியோகம் பாத்தீங்க?"

"அரசு பஸ்ஸு."

"அதான பாத்தேன்! காலு இன்னும் கிளட்ச்சைத் தேடுது. பழக்க தோசமுங்க." சிரித்தார்.

நானும் சிரித்தேன். பழக்கதோஷம்தான். வேறென்ன?

பிறகு விலை சொன்னார். கம்பெனியிலிருந்து புதுக் கியர்பாக்ஸ் வரவழைத்தால் மூன்று லட்சத்துக்குக் குறையாது. வண்டியையே இன்று விற்றால் இரண்டரைக்குத்தான் போகும். தீய்ந்ததைப் பிரித்துச் சரிசெய்தால் எத்தனை நாள் தாங்கும் என்று அவர் பொறுப்பேற்கமாட்டார். விபத்தில் நொறுங்கிய வண்டி ஒன்றிலிருந்து நல்ல கியர்பாக்ஸ் கிடைத்தால் ஒன்றே கால் லட்சம்; மாட்டுகிற கூலியும் எண்ணெயும் தனி.

"யோசிச்சுச் சொல்லுங்கய்யா. இதுக்கு மேல போடற காசு வண்டிக்குப் போடறதில்லீங்க. மனசுக்குப் போடறது."

அக்டோபர் 10, வியாழன்

வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். போர்ட்டிகோவில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன், போகவில்லை. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். பால்காரரிடம் காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். மத்தியானம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், வால்பாறை பஸ் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தேன். ஏறி உட்கார்ந்திருக்கலாம். டிக்கெட் எடுத்து, எவனோ ஓட்ட, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதா? அந்த மலையில்?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. சந்தனமும் குங்குமமும் வைக்க வண்டி இல்லாத முதல் ஆயுத பூஜை. டிப்போவில் பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்த காலத்திலிருந்து ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. சுலோச்சனா மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்தாள். நான் ஸ்பானர்களுக்கு வைத்தேன். 

அக்டோபர் 12, சனி

யமுனா கூப்பிட்டாள். "அப்பா, அந்த வண்டிக்கு இத்தனை காசு போடோணுமா? பார்ட் பார்ட்டாப் பிரிச்சு வித்துருங்க. நானே லீவு கெடைக்கறப்ப பாப்பாவைக் கூட்டிட்டு பஸ்ல வந்துட்டுப் போறேன்."

"உன் வேலையைப் பாரு கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

சுலோச்சனா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தினமும் நூறு பிள்ளைகளுக்குச் சோறு கணக்குப் பார்க்கிறவள். சத்தம் போட்டுப் பேசவே மாட்டாள், அதுதான் சங்கடம்.

"எந்தப் பணத்துல மாத்தப் போறீங்க?"

"பேங்க்ல கெடக்கறதுலதான்."

"அது உங்க முட்டி ஆப்ரேசனுக்குன்னு போட்டு வெச்சதுங்க."

"முட்டி இன்னும் ரெண்டு வருசம் தாங்கும்."

கத்தியைக் கீழே வைத்தாள். "படி எறங்கறப்ப செவுத்தைப் புடிச்சுட்டு எறங்கறீங்க. காருக்கு முட்டி மாத்தறதுக்கு முந்தி மனுசனுக்கு மாத்துவாங்களா, மாட்டாங்களா?"

 முட்டி ஆபரேஷன் என்றால் சும்மா முட்டியோடு விடமாட்டார்கள். சர்க்கரை எவ்வளவு, நரம்பு எப்படி, பாதம் எப்படி என்று தலையிலிருந்து கால் வரைக்கும் பார்ப்பார்களாம். யமுனா சொல்லியிருக்கிறாள். பொங்கலுக்குப் பிறகு சர்க்கரையே பார்க்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? ஆஸ்பத்திரிக்கெல்லாம் இப்போது நேரமில்லை. தீபாவளிக்குள் வண்டி வந்தாக வேண்டும். மித்ராவை நானே வந்து கூட்டிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

சாதிக் பாய்க்கு முன்பணம் அனுப்பியாயிற்று.  ரேஷனில் பருப்பு வரவில்லை. மோட்டார் ஒழுகுகிறது.

அக்டோபர் 18, வெள்ளி

மழை. முட்டி வலிக்கு வாளியில் வெந்நீர் வைத்து இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது காலைத்தான் சூடு தாங்காமல் வெளியே எடுத்தேன். வலது கால் பேசாமல் உள்ளே இருந்தது. துண்டு கொண்டுவந்த சுலோச்சனா வாளியில் கையை விட்டாள். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டு, "அய்யோ, என்னங்க இது, கொதிக்குது!" என்று கத்தினாள்.

கால் சிவந்து, கட்டைவிரல் பக்கம் கொப்பளம். யமுனாவுக்கு போன் போட்டு மருந்து கேட்டுப் பூசினாள். பூசும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பூசினாள்.

"எரியலையா?"

"இன்ஜின் சூட்டுலயே வெந்த காலு. எனக்கு இதெல்லாம் சூடா?"

முன்பக்கம் இன்ஜின் இருந்த பஸ்களில் அவள் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும், கால் எப்படிக் காய்த்துப்போகும் என்று.

அக்டோபர் 20, ஞாயிறு

மலைக்குப் போகாத இரண்டாவது ஞாயிறு. வீட்டில் சும்மா இருக்கவே பிடிக்கவில்லை. மத்தியானம் மித்ரா போனில் வந்தாள். சுலோச்சனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"தாத்தா, எப்ப வருவீங்க?"

"தீபாவளிக்கு மொதநாள் சாமி. வண்டிக்குப் புதுசா எல்லாம் போட்டு, ஜம்முனு வருவேன்."

"அன்னிக்குச் செவுத்துல முட்டுச்சே, அந்த மாதிரி மறுபடி முட்டாதில்ல?"

சுலோச்சனா என்னைப் பார்த்தாள். நான் பேச்சை மாற்றி, மலைவழியில் பார்க்கிற அட்டகட்டிக் குரங்குகளைப் பற்றி மித்ராவிடம் கேட்டேன். அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது போல. "அய்யோ, ரகசியமுன்னு சொன்னீங்கல்ல! மறந்துட்டேன்" என்றாள்.

போனை வைத்ததும் சுலோச்சனா கேட்டாள். ஒளிக்க ஒன்றுமில்லை. போன மாதம் மித்ராவை மட்டும் கூட்டிக்கொண்டு ஆழியாறு அணை காட்டப் போனபோது, ஒரு வளைவில் வண்டியின் முன்பக்கம் தடுப்புச் சுவரில் லேசாக உரசியது. மழை ஈரம். பெயின்ட் போனது அவ்வளவுதான். அதை ஏன் பெரிதாக்க வேண்டும் என்றுதான் சொல்லவில்லை.

"மழை பெஞ்சுதாங்க அன்னிக்கு?"

"மலையில எப்பத்தான் பெய்யலை?"

 சாயங்காலம் முழுக்கத் துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அக்டோபர் 23, புதன்

சென்னையிலிருந்து வந்த கியர்பாக்ஸ் வேறு மாடலுடையதாம். சாதிக் பாய் மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறாராம். போனில் கேட்டால் திருப்தியில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கோவை பஸ் ஏறினேன். வேறு வழியில்லை.

டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற சீட். சின்ன வயது டிரைவர். வழி முழுக்க அவன் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போகிறது, வருகிறது. ஒரு தடவைகூட அவன் குனிந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்கப்போகிறான்? கால் அங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியும்.

என் காலடியில் பஸ்ஸின் தரைத் தகடு தடதடவென்று அதிர்கிற சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றி வலது காலைத் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். பிறகு இடது காலை வைத்தேன். கிணத்துக்கடவு வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

சாதிக் பாய் டீ வாங்கிக் கொடுத்தார். சனிக்கிழமை கண்டிப்பாகத் தருவதாகச் சொன்னார். சரியான கியர்பாக்ஸுக்கு இன்னும் பதினைந்தாயிரம் சேர்த்துக் கேட்டார். கொடுத்தேன். பேரம்கூடப் பேசவில்லை.

அக்டோபர் 26, சனி

வண்டி வந்துவிட்டது!

சாதிக் பாயைப் பக்கத்தில் உட்காரவைத்து உக்கடம் சுற்றி ஒரு வட்டம் அடித்தேன். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. கியர் மாறுவதே தெரியவில்லை. இறங்கும்போது அவர், "எடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில வெச்சுக்குங்கய்யா. மறுபடி பிரேக்கு மேல வெச்சீங்கன்னா இதும் தீஞ்சு போயிரும். அப்பறம் எங்கிட்ட வராதீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திரும்பி வரும்போது அவர் சொன்னபடியே இடது காலை மடக்கிக்கொண்டேன். நாற்சந்தியில் நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் வண்டி நின்றது. போலீஸ்காரர் முறைத்தார். பிரேக்கை சாதிக் பாய் தளர்த்தி வைத்திருக்கிறாரோ? கேட்க வேண்டும்.

அதன் பிறகு இடது காலையும் கொஞ்சம் உபயோகித்தேன். கொஞ்சம்தான்.

அக்டோபர் 27, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை.

காலையில் வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மலைக்கு நாளை மறுநாள் போகலாமா, புதன் போகலாமா என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சுலோச்சனா துடைப்பத்தோடு வந்தவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். வாசலிலிருந்து என் நாற்காலி வரைக்கும் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

வந்து என் முன்னால் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி மடியில் வைத்தாள். குதிகாலில் வேலிக்காத்தான் முள். பாதி உள்ளே இருந்தது. பிடுங்கி என் கண்ணுக்கு நேரே காட்டினாள்.

"எப்பக் குத்துச்சு?"

"வண்டி கழுவறப்ப குத்தியிருக்கும்."

"தெரியலையா?"

"பேப்பர் படிச்சுட்டு இருந்தேன்."

"ஏனுங்க" என்றாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். "செருப்புக் கழண்டது தெரியலை. சுடுதண்ணி தெரியலை. முள்ளுத் தெரியலை. பிரேக்கு மட்டும் எப்பிடிங்க தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து கத்தினேன். இந்தக் கை ஸ்டியரிங் பிடித்து ஒரு கோழிக்குஞ்சுகூடச் செத்ததில்லை என்றேன். விபத்தில்லா ஓட்டுநர் என்று கலெக்டர் கையால் மெடல் வாங்கியதைச் சொன்னேன். அந்த மலையில் பனி இறங்கி முன்னால் போகிற லாரியே தெரியாத நாட்களில் அறுபது உயிரை இறக்கிக் கொண்டுவந்து சேர்த்ததைச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அதெல்லாம் ஆருங்க இல்லைன்னா?" என்றாள். "யமுனாகிட்டச் சொல்றேன். அவ நர்சு, அவளுக்குத் தெரியும்."

"சொல்லாத. தீபாவளி போவட்டும். போயி டாக்டரைப் பாக்கறேன்."

"அப்ப வண்டியை எடுக்காதீங்க."

"புதுக் கியர்பாக்ஸ் போட்டு நிறுத்தி வெக்கறதுக்கா?"

அதற்கு அவள் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "என்னைக் கூட்டிட்டுப் போங்க. எங்க வேணும்னாலும் உக்காந்து வர்றேன். பயமில்லை. பாப்பாவை மட்டும் வேண்டாமுங்க."

அக்டோபர் 28, திங்கள்

 சீயக்காய் அரைத்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

மித்ரா பையெல்லாம் கட்டிவைத்துவிட்டாளாம். கம்பி மத்தாப்பு எத்தனை பெட்டி என்று கேட்டாள்.

அக்டோபர் 30, புதன்

சுலோச்சனா முறுக்குக்கு மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும் என்று என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆழியாறு தாண்டும் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலை ஏற ஆரம்பித்ததும் இடது கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. எடுத்தேன். மறுபடியும் போனது. எடுத்து சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டேன். ஒரே காலால் ஓட்டினால், அந்தக் கால் எந்தப் பெடல்மேல் இருக்கிறது என்று அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மெதுவாகத்தான் போனேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். இந்த மலையில் என்னைத் தாண்டிப் போனவர்கள் ரொம்பக் குறைவு.

யமுனா டூட்டியிலிருந்து யூனிபார்மோடு ஓடிவந்தாள். "அம்மா வரலையாப்பா?"

"முறுக்கு சுடறா."

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இனி ஒண்ணும் ஆகாதில்ல?"

"புதுக் கியர்பாக்ஸ் கண்ணு" என்றேன். அவள் மித்ராவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டு, நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நாளை மத்தியானம் டூட்டி முடிந்து வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினாள். சுலோச்சனா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னை நம்பித்தான் சொல்லவில்லை.

ஊரைத் தாண்டி, தேயிலைக்குள் ரோடு நுழைந்தது. இளவெயில். மித்ரா ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை, பாட்டுப் போடச் சொல்லவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் முடிந்தமட்டும் முன்னால் எக்கி உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா, நீங்க காலைப் பாத்துக்குங்க. நான் ரோட்டைப் பாத்துச் சொல்றேன்."

"எதுக்குச் சாமி?"

"அன்னிக்கு நீங்க காலையே பாத்துட்டு இருந்தீங்கல்ல, அதான் செவுத்துல முட்டுச்சு. இன்னிக்கு நான் ரோட்டைப் பாக்கறேன். வெளையாட்டு இல்ல தாத்தா, நெசமா. நான் நல்லாப் பாப்பேன்."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"எடது பக்கம் வளைவு தாத்தா" என்றாள். குனிந்து காலைப் பார்த்தேன், பிரேக்மேல் இருந்தது. வளைத்தேன். "நேரா ரோடு தாத்தா." ஆக்சிலேட்டர். "ஜீப்பு வருது தாத்தா, மெதுவா." பிரேக். "போயிருச்சு. இப்பப் போலாம்." கொஞ்சமும் பிசகாமல், கண்டக்டர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

உள்ளதை எழுதுகிறேன். சௌகரியமாக இருந்தது. இந்த ஒரு மாதமாக, அதற்கு முன்னால் பல மாதங்களாக, இவ்வளவு நிம்மதியாக நான் ஓட்டவில்லை. ரோட்டை அவள் பார்த்துக்கொண்டாள், காலை நான் பார்த்துக்கொண்டேன். அப்படியே எவ்வளவு தூரம் வந்தேன் என்று தெரியவில்லை.

"தாத்தா, நாப்பதுன்னு போர்டு இருக்குது" என்றாள்.

நிமிர்ந்தேன். இறங்கும்போது முதலில் வருவது நாற்பதாவது வளைவு. மஞ்சள் பலகைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. பனி மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் மித்ரா தெரிந்தாள். கண்ணை இமைக்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, ரோட்டை முறைத்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. சுமை ஏற்றிய லாரி ஓட்டுகிறவன் முகம் அப்படி இருக்கும்.

இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். வண்டி நின்றது.

"என்ன தாத்தா? நான் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்ல சாமி. நீ சரியாத்தான் சொன்ன."

கொஞ்சம் பின்னால் டீக்கடை ஒன்று இருந்தது. அங்கே வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொடுக்கச் சொல்லி, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இரண்டு பேரைக் கேட்டேன். "ஸ்டார்ட் ஆகலீங்களா?" என்றார்கள். ஆமாம் என்றேன். தள்ளி ஓரமாக விட்டார்கள். பூட்டினேன். மித்ராவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுக்கு ஒரு பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்துவிட்டு, யமுனாவுக்கு போன் போட்டேன்.

"வண்டி டீக்கடைகிட்ட நிக்குது கண்ணு. சாவியைக் கடைக்காரர்கிட்டக் குடுத்துட்டேன். எஸ்டேட் டிரைவர் ஆரையாச்சும் அனுப்பி எடுத்துக்க. நானும் பாப்பாவும் பஸ்ல போறோம்."

"அய்யோ அப்பா, மறுபடியும் கியர்பாக்ஸா?"

"இல்ல. கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்குது."

 "உங்களுக்கு என்னப்பா?" என்றாள். நர்ஸுகள் கேட்கிற குரல்.

"அம்மாகிட்டக் கேளு. அவளுக்குத் தெரியும்."

பஸ் வந்தது. மித்ரா ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு வளைவு வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் என்மேல் சாய்ந்து தூங்கிப்போனாள். ஆழியாறு வரும் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

சுலோச்சனா வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, முந்தானையில் மாவு அப்படியே காய்ந்திருந்தது. தெருமுனையிலிருந்து நாங்கள் நடந்து வருவதைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மித்ரா ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன்.

"உள்ள வாங்க" என்றாள். "எண்ணெய் காயுது."

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளி நல்லபடியாக நடந்தது. யமுனா நேற்று பஸ்ஸில் வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. உட்காரவைத்துப் பாதத்தை விரல் விரலாகப் பார்த்தாள். பிறகு மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனவள் கீழே வர வெகுநேரம் ஆனது. கண் சிவந்திருந்தது.

ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டக் கற்பது கஷ்டமா என்று சாப்பிடும்போது கேட்டாள்.

"கஷ்டமென்ன? ரெண்டே பெடலு."

"அப்ப நீங்கதான் சொல்லிக்குடுக்கோணும். பக்கத்து சீட்டுல உக்காந்து."

பார்க்கலாம் என்றேன். நான் சொல்லிக்கொடுத்தால் நன்றாகத்தான் கற்பாள். ஆனால் மலைக்கு இப்போது வேண்டாம். மைதானத்தில் கொஞ்ச நாள் ஓட்டட்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை அளவைப் பார்த்து டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார். சின்ன வயசுதான், யமுனாவைவிட இளையவராக இருப்பார். என்னைப் படுக்கவைத்து வேட்டியை முழங்கால் வரை ஏற்றச் சொன்னார். கையில் பேனா மாதிரி ஒன்று. அதன் முனையில் தூண்டில் நரம்பு போல ஒரு துண்டு.

"கண்ணை மூடிக்கங்கய்யா. பாதத்துல நான் தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லணும், அவ்வளவுதான்."

முதலில் இடது கால். ம் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு வலது காலுக்கு வருவதாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். காற்றாடி சுற்றுகிற சத்தம். வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள். பக்கத்தில் சுலோச்சனா மூக்கை உறிஞ்சினாள். சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"எப்பங்கம்மா ஆரம்பிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"முடிச்சுட்டேங்கய்யா" என்றார் டாக்டரம்மா.

கண்ணைத் திறந்தேன். அவர் மேஜைக்குப் போய் எழுத ஆரம்பித்திருந்தார். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக்கூடாது, வெந்நீர் வைக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முட்டி ஆபரேஷன் பிறகு, முதலில் சர்க்கரை குறையட்டும் என்றார். கடைசியாகத் தலையைத் தூக்காமலேயே, "வண்டி எதாவது ஓட்டறீங்களா?" என்று கேட்டார்.

சுலோச்சனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் சொல்லாமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஓட்டிட்டு இருந்தனுங்க" என்றேன்.